ஊர்ப் பெயருக்கு ஒரு கட்டம்

நெட்டுக்குப்பத்து நண்பர் ஒருவரின் மகள் பல்கலைக்கழகத்தில் எம்.காம். படிக்கிறாள். சர்வதேசச் சந்தைத் திட்டமிடல் என்று ஒரு பாடம். ஏதேனும் ஒரு சரக்கை வெளிநாட்டில் விற்கத் திட்டம் எழுத வேண்டுமாம். அவள் எடுத்துக்கொண்டது, அப்பா எண்ணூர்க் கழிமுகத்தில் வலை போட்டுப் பிடிக்கும் இறாலை. கல்லூரியைப் பாதியில் விட்ட என்னிடம் அதைப் படித்துக் காட்டினாள்.

விலையெல்லாம் அப்புறம்தான். எந்த நாடு நம்மை உள்ளே விடும் என்பதே முதல் கேள்வி. வலையில் ஆமை சிக்குகிறதென்று 2019-ல் அமெரிக்கா, கடலில் பிடித்த இந்திய இறாலைத் தடுத்தது. பண்ணை இறாலுக்குத் தடையில்லை. ஐரோப்பாவோ 2010 முதல், எந்தப் படகு, எங்கே பிடித்தது என்று சான்று கேட்கிறது. அவள் தாளிலும் அதற்கொரு கட்டம் இருந்தது, காலியாக.

"ஊர்ப் பெயரைப் போட்டுத்தானே ஆகணும், மாமா?"

ஏன் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழிமுகத்தில் படர்ந்தது. அதற்குப் பிறகு எண்ணூர் மீன் என்றால் பக்கத்துச் சந்தையிலேயே கூடையைத் திரும்பிப் பார்க்க ஆளில்லை. இவள் அம்மா வேறு ஊர்ப் பெயரைச் சொல்லிப் பார்த்தாள், பாவம். விரல் இடுக்கில் கறுப்பு போகாமல் இருந்தது.

வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்த நண்பர் நிமிராமலே, "எண்ணூருன்னே போடு. அங்க இருக்கறவனுக்கு என்ன தெரியப் போவுது?" என்றார்.

"அவங்களுக்குத்தாம்பா எல்லாம் தெரியும்" என்று சொல்லிவிட்டு, எண்ணூர் என்றே எழுதினாள்.