ஒல்லிச் சக்கரத்தின் அழகு

பழைய கார் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கைவைப்பது சக்கரத்தில்தான். பெயின்ட், சீட், இன்ஜின் எல்லாம் காசும் காலமும் கேட்கும். சக்கரத்துக்கு டயர்க் கடையில் ஒரு மணி நேரம் போதும். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் வண்டியின் குணமே மாறிப்போகலாம். அதனால்தான் இதைப் பற்றி விரிவாகப் பேச வேண்டும் என்று தோன்றுகிறது.

என்னிடம் இருப்பது பிரீமியர் பத்மினி. இத்தாலியின் பியட் 1100 காரை மும்பை குர்லாவில் உருவாக்கி, 1970களில் பத்மினி என்று பெயர் சூட்டினார்கள். நம் ஊரில் இன்றும் அது பியட்தான். 1,089 சிசி இன்ஜின், ஸ்டீரிங் தண்டில் கியர், பவர் ஸ்டீரிங் கிடையாது. தொழிற்சாலை அதற்குக் கொடுத்த டயர் 5.20-14, அதாவது 5.20 அங்குல அகலம், 14 அங்குல ரிம். உயரத்துக்குத் தனி எண் இல்லை. அந்தக் காலத்து டயரில் அகலம் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவே பக்கச்சுவரின் உயரமும். தரையிலிருந்து உச்சி வரை அளந்தால் சுமார் 61 சென்டிமீட்டர் வரும்.

டயர் தேய்ந்து, மாற்றும் நேரம் வந்தது. கடைத் தம்பி ஆர்வமாகச் சொன்னார்: “அண்ணே, 185 போட்டுக்கலாம். பார்க்க கெத்தா இருக்கும்.”

“அகலம் அப்புறம் பார்க்கலாம் தம்பி. முதல்ல உயரத்தைக் கணக்குப் போடுவோம்” என்றேன்.

கணக்கு எளிதுதான். 165/65 ஆர்14 என்று டயரில் எழுதியிருந்தால், 165 மில்லிமீட்டர் அகலத்தில் 65 சதவீதம் பக்கச்சுவர். அதை இரட்டித்து, ரிம்மின் 356 மில்லிமீட்டரோடு கூட்டினால் 570 வரும். பழைய டயரைவிட 4 சென்டிமீட்டர் குட்டை. மீட்டர் 60 காட்டும்போது வண்டி உண்மையில் 56-இல்தான் போகும். அதே வேகத்துக்கு இன்ஜின் கூடுதலாகச் சுற்ற வேண்டும். வண்டியின் வயிறும் 2 சென்டிமீட்டர் கீழே இறங்கும். நம் ஊர் வேகத்தடைகளில் அது பெரிய நஷ்டம். அந்தச் சிறிய இன்ஜினுக்கு எந்த கியர் விகிதம் சரிப்படும் என்று தீர்மானித்தவர்கள், சக்கரத்தின் உயரத்தையும் சேர்த்தேதான் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

தம்பி சொன்ன 185/65 ஆர்14 உயரத்தில் 596 மில்லிமீட்டர். குறை சொல்ல முடியாது. சிக்கல் அகலத்தில். அதற்கு 5 அங்குல அகல ரிம்மாவது வேண்டும். பத்மினியின் ரிம் அதைவிடக் குறுகல். அதில் மாட்டினால் டயர் பிதுங்கி நிற்கும், வளைவில் பக்கச்சுவர் ஆடும், முழுக்க ஒடிக்கும்போது உரச வாய்ப்புண்டு. அகல ரிம் வாங்கிச் சரிக்கட்டலாம் என்றால், சக்கரம் வெளியே தள்ளி நிற்கும். தள்ளிய ஒவ்வொரு சென்டிமீட்டரின் பாரமும் வீல் பேரிங்கிலும் ஸ்டீரிங் பிடிக்கும் தோளிலும் ஏறும். சந்தில் வண்டியைத் திருப்பும்போது இது தெரிந்துவிடும்.

கடைசியில் நான் தேர்ந்தெடுத்தது 155/80 ஆர்14 ரேடியல். உயரம் 604 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட பழைய அளவு. பக்கச்சுவர் உயர்ந்தது, வடிவம் ஒல்லி. மட்கார்டின் வளைவுக்குள் சக்கரம் எவ்வளவு இடம் விட்டு நின்றதோ அவ்வளவே விட்டு நிற்கிறது.

அப்படியானால் பழைய நைலான் டயரையே ஏன் போடவில்லை என்று கேட்கலாம். நைலான் டயரில் இழைகள் சாய்வாக ஒன்றன்மேல் ஒன்று குறுக்கிட்டுக் கிடக்கும். பக்கச்சுவர் வளையும்போது தரையைத் தொடும் பகுதியும் கூடவே நெளியும். ரேடியலில் இழைகள் விளிம்பிலிருந்து விளிம்புக்கு நேராக ஓடுகின்றன, மேலே எஃகுப் பட்டை தனியாக. மிஷ்லின் 1946-இல் காப்புரிமை பெற்ற இந்த அமைப்பில் பக்கச்சுவர் வளைந்தாலும் அடிப்பரப்பு சாலையோடு படிந்தே இருக்கும். மழையில் பிரேக் அடிக்கும்போது இந்த வித்தியாசத்தின் அருமை தெரியும். மெதுவாகப் போகையில் ஸ்டீரிங் சற்றுக் கனக்கிறது. அதைச் சந்தோஷமாகவே பொறுத்துக்கொள்கிறேன். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: முன்னால் ரேடியல், பின்னால் நைலான் என்று கலந்து போடுவது ஆபத்து. வளைவில் பின்பக்கம் பிடி விட்டுவிடும். மாற்றினால் ஸ்டெப்னி உட்பட ஐந்தையும் மாற்றுவதே முறை.

இன்னும் மூன்று விஷயங்களைக் கடையில் நின்று பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய ரிம் பலவற்றில் டியூப்லெஸ் டயரின் விளிம்பைப் பிடித்து நிறுத்தும் மேடு இருக்காது. அப்படிப்பட்ட ரிம்மில் ரேடியல் டியூப் போட்டுத்தான் ஓட்ட வேண்டும். பாரக் குறியீடு 80 என்றால் ஒரு டயர் 450 கிலோ தாங்கும். ஒரு டன்னுக்கும் குறைவான பத்மினியில் ஐந்து பேர் ஏறினாலும் அது போதும். பக்கச்சுவரில் தயாரிப்புத் தேதி நான்கு இலக்கமாக இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பழைய கார்கள் குறைவாக ஓடுவதால் பட்டன் தேய்வதற்கு முன்பே ரப்பர் இறுகிவிடுகிறது. ஆழமாகத் தெரியும் பட்டனை நம்பிப் பத்து வருட டயரில் நெடுஞ்சாலை ஏறுவது உயிரோடு விளையாடுவது.

பழைய வண்டிக்கு விசுவாசமாக இருப்பது என்றால் பழைய எண்ணையே பிடித்துக்கொண்டு நிற்பது என்று நான் நினைக்கவில்லை. டயரின் உள்கட்டமைப்பில் காலம் கொண்டுவந்த நல்லதைத் தாராளமாக ஏற்கலாம். உயரத்திலும் அகலத்திலும் மட்டும் வண்டியை வடித்தவர்களின் பேச்சைக் கேட்க வேண்டும். கியரும் ஸ்பிரிங்கும் பிரேக்கும் ஸ்டீரிங்கும் அந்த இரண்டு அளவுகளை நம்பித்தான் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன. பழைய கார் வாங்கும் இளைஞர்கள் என்னிடம் டயரைப் பற்றிக் கேட்டால் இதைத்தான் சொல்கிறேன்: டேப்பை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள், முதலில் உயரத்தைக் கேளுங்கள், அகலத்தை ரிம் சொல்லட்டும்.