வழுக்குற ரோட்டுல ஒரு கிளாஸ்!

லைசென்ஸ் எடுக்கப் போனா பைக்குக்கு 'எட்டு' போடச் சொல்றாங்க. காருக்கு 'ஹெச்' போட்டு ரிவர்ஸ் எடுக்கச் சொல்றாங்க. சரி... வண்டி வழுக்கினா என்ன பண்ணணும்னு யாராச்சும் கேட்டிருக்காங்களா பாஸ்? நம்ம ஊர்ல அந்தப் பாடத்தை ரோடுதான் நடத்தும். ஃபீஸ், முட்டித் தோல்!

நார்வே, சுவீடன் பக்கமெல்லாம் கதையே வேற. பனி நாடுகள் இல்லையா... வேணும்னே வழவழப்பாக்கின ஒரு தளத்துல வண்டியைச் சறுக்க விட்டுப் பார்த்த பிறகுதான் அங்கே லைசென்ஸ். நம்ம நாட்டுலயும் இந்தூர் பக்கத்துல பீதம்பூர்னு ஒரு ஊர்ல, நாட்ராக்ஸ் சோதனை மையத்துல தண்ணி விட்டு வழுக்க வைக்கிற தளம் இருக்கு. ஆனா அது வண்டி தயாரிக்கிற கம்பெனிகள் வண்டியை டெஸ்ட் பண்ற இடம். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கே பணம் புரட்டுற நாம எங்கே போக?

எங்களுக்குக் கிடைச்ச ஸ்கூலுக்கு போர்டு கிடையாது. மணிமுத்தாறு செக்போஸ்ட்ல ஆரம்பிச்சு, மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டினு மேலே மேலே போயிட்டே இருக்கும் அந்த ஒத்தை ரோடுதான் கிளாஸ் ரூம். வாத்தியார், என் ஹாஸ்டல் ரூம்மேட்டோட அப்பா. இருபது வருஷத்துக்கு மேல அந்த ரோட்டுல எஸ்டேட் லாரி ஓட்டினவர். மாமானுதான் கூப்பிடுவேன். இப்போ குடும்பம் கல்லிடைக்குறிச்சியில வாடகை வீட்டுல இருக்கு. ஏன் கீழே இறங்கி வந்தாங்கங்கிறதை அப்புறம் சொல்றேன்.

அம்பாசமுத்திரத்துல அரசு பஸ் ஏறினோம். மாமா ஜன்னல் சீட்டை எங்ககிட்ட தள்ளிவிட்டுட்டு, டிரைவரை நல்லாப் பார்க்கிற மாதிரி ஒரு சீட்ல செட்டிலாயிட்டார். அணை தாண்டி, செக்போஸ்ட்ல வனத்துறை ஆளுங்க பஸ்ஸை ஒரு பார்வை பார்த்து அனுப்பினாங்க. இது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். சுற்றுலான்னு போறவங்க வனத்துறை அனுமதி வாங்கணும். மழை வலுத்தா கேட்டைப் பூட்டிடுவாங்க. 'சும்மா ஒரு ரைடு போலாம் மச்சி'னு கிளம்பினா மணிமுத்தாறு அருவியைப் பார்த்துட்டு ரிட்டர்ன் ஆக வேண்டியதுதான்.

அருவி தாண்டினதும் ரோடு சுருங்கிப் போச்சு. ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் மரத்தோட தலை மட்டும் தெரியுது. பஸ் கண்ணாடியில கிளை உரசுது. நான் வியூ பார்க்க ஆரம்பிச்சப்போ மாமா தொடையில ஒரு தட்டு தட்டினார்.

"தம்பி, டிரைவரு கையைப் பாக்காதே. காலைப் பாரு."

பார்த்தேன். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னாடி, ரோடு இன்னும் நேரா இருக்கும்போதே பிரேக்ல கால். கியர் குறையுது. வளைவு ஆரம்பிக்கிற நேரத்துல கால் பிரேக்ல இல்லை! மெதுவா ஆக்ஸிலேட்டர் மேல மட்டும் உக்காந்திருக்கு. எல்லா வளைவுலயும் இதே. கிளட்ச்சை வளைவுக்குள்ள ஒரு தடவைகூட மிதிக்கலை.

"பிரேக்கு போடுத வேலையை எல்லாம் வெளியவே முடிச்சிரணும். வளைவுக்குள்ள போனா வளையுத வேலை மட்டுந்தான். ரெண்டையும் சேத்துக் கேட்டா டயரு செய்யாதுல்லா!"

நாங்க டைனமிக்ஸ் பேப்பர்ல மூணு யூனிட்டா படிச்ச சமாச்சாரம் இது. டயருக்கு ரோட்டுல கிடைக்கிற பிடிமானம் ஒரு மாசச் சம்பளம் மாதிரி. நிக்கிறதுக்கும் அதுலதான் செலவு, திரும்புறதுக்கும் அதுலதான். மொத்தத்தையும் பிரேக்குக்குக் கொடுத்துட்டா திரும்பக் காசு இருக்காது. ஸ்டீயரிங்கை எவ்வளவு ஒடிச்சாலும் வண்டி நேராப் போகும்... நேரா இருக்கிறது பள்ளம்!

அடுத்து ரோட்டைப் படிக்கிற பாடம். மாமா ஜன்னல் வழியா கை காட்டிக்கிட்டே வந்தார். கருப்புத் திட்டா இருந்தா பாசி. பளபளன்னு இருந்தா பாறையில இருந்து கசியுற ஊத்துத் தண்ணி. பழுப்பா விரிச்சுக் கிடந்தா இலை. "இலைக்கு அடியில என்ன கெடக்குனு இலைக்கே தெரியாது. அது மேல பிரேக்கைத் தொடப்படாது." அப்புறம் மழை. கொட்டுற மழையைவிட தூறல்தான் மோசமாம். கொட்டுற மழை ரோட்டைக் கழுவிட்டுப் போயிடும். முதல் தூறல், ரோட்டுல படிஞ்ச எண்ணெயையும் தூசியையும் குழைச்சு விட்டுட்டு நின்னுடும்.

மாஞ்சோலையில இறங்கினப்போ மழை இல்லை, மேகம் மட்டும் தரையில நடந்துட்டு இருந்துச்சு. செருப்புக்குள்ள அட்டை ஏறினது அரை மணி நேரம் கழிச்சுத்தான் தெரிஞ்சது. அழகுன்னா அழகு, அப்படி ஒரு அழகு. ஆனா பக்கத்துல நிக்கிறவருக்கு இது வியூ பாயின்ட் இல்லையே... வீடு.

இந்த மலையை 1929ல் சிங்கம்பட்டி ஜமீன்கிட்ட இருந்து 99 வருஷக் குத்தகைக்கு எடுத்தது பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன். எட்டாயிரம் ஏக்கருக்கும் மேல. காட்டை வெட்டி, தேயிலை நட்டு, லயன் வீடுகள் கட்டினதெல்லாம் கீழே இருந்து கூட்டிட்டு வந்த ஜனங்க. நாலு தலைமுறை ஆச்சு. குத்தகை 2028ல்தான் முடியணும். அதுக்கு முன்னாடியே 2024 ஜூன்ல கம்பெனி வேலையை நிறுத்தி, தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்துடுச்சு. 'விருப்ப' ஓய்வுங்கிற வார்த்தையை மாமா சொல்லும்போது சிரிச்சார், நல்ல சிரிப்பு இல்லை. கோர்ட், கேஸ்னு போனாலும், நிறைய குடும்பங்க இறங்கிடுச்சு. இந்த ஜனங்க கூலி கேட்டு கீழே இறங்கின கதையும் நெல்லைக்காரங்களுக்குத் தெரியும். 1999 ஜூலை 23, திருநெல்வேலி கலெக்டர் ஆபீஸ் ஊர்வலம், போலீஸ் தடியடி, தாமிரபரணியில 17 உயிர். வரும்போது கொக்கிரகுளம் பாலத்துல பஸ் போனப்ப மாமா பேசலைனு எனக்கு அப்போதான் உறைச்சது.

கவாத்து பண்ணாம விட்ட தேயிலைச் செடி மரமா வளரும்னு புக்ல படிச்சிருக்கேன். நேர்ல பார்த்தா வயித்தைப் பிசையுது. இடுப்பு உயரத்துக்குப் பாய் விரிச்ச மாதிரி இருக்க வேண்டியது, தலைக்கு மேல இஷ்டத்துக்கு நிக்குது. ரோட்டுலயும் அதே கதைதான். மாமா குனிஞ்சு, ஓரத்துல இருந்த பாசியை நகத்தால சுரண்டிக் காட்டினார். "லாரி ஓட ஓட டயரே தேச்சு எடுத்துரும். வண்டி ஓட்டம் கொறைஞ்சா ரோடு பச்சை புடிச்சிரும். முன்னால ஓரத்துல மட்டுந்தான் இருந்துச்சு. இப்ப நடுவுக்கு வருது பாத்தியா?"

ஹாஸ்டலுக்குத் திரும்பினதும் கால்குலேட்டரும் கையுமா உக்காந்தேன். 40 கி.மீ. வேகம். ஒண்ணும் பெரிய வேகம் இல்லை, நாம காலேஜ் கேம்பஸுக்குள்ளேயே அடிக்கிறதுதான். காய்ஞ்ச தார் ரோட்டுக்கு உராய்வுக் குணகம் 0.7னு வெச்சா, பிரேக் பிடிச்சதும் 9 மீட்டர்ல நிக்கும். நனைஞ்ச ரோடு 0.4னா, கிட்டத்தட்ட 16 மீட்டர். பாசியோ சேறோ, 0.2னு வைங்க... 31 மீட்டர். மூணு பஸ்ஸை வரிசையா நிறுத்தின நீளம்! இதெல்லாம் சமதரையில. பத்துக்கு ஒண்ணு இறக்கம்னா அந்த 0.2ல பாதியைச் சரிவே முழுங்கிடும். 63 மீட்டர். நீங்க பார்த்து, மூளை யோசிச்சு, கால் பிரேக்குக்குப் போறதுக்குள்ள ஓடுற தூரம் தனி. ஒரு செகண்டுக்கு 11 மீட்டர்.

இப்போ அதே இறக்கத்துல 20 கி.மீ. போட்டுப் பாருங்க. 16 மீட்டர்ல நிக்கும். வேகம் பாதி, தூரம் கால்வாசி. 'ஏறுன கியர்லதான் இறங்கணும்'னு மலை டிரைவர்கள் சொல்றதுக்குக் கணக்கு இதுதான். எஞ்சினே பிடிச்சு நிறுத்தி 20ஐத் தாண்ட விடாது. பிரேக் சூடாகாது, வீல் லாக் ஆகாது. டீசல் மிச்சம் பண்றேன்னு நியூட்ரல்ல இறக்குறவங்களைப் பற்றி மாமா சொன்னதை இங்கே பிரிண்ட் பண்ண முடியாது!

தியரி ஓவர். பிராக்டிகல்?

அது மலையில இல்லை, கீழே. அறுப்பு முடிஞ்சு, மழைத் தண்ணி நின்னு சேறான ஒரு வயல். மாமாவோட சேக்காளி ஒருத்தரோட பழைய ஜீப். ஏபிஎஸ், பவர் ஸ்டீயரிங்னு ஒரு வஸ்துவும் கிடையாது. சுத்தி ஆள் இல்லை, மாடு இல்லை, கிணறு இல்லைங்கிறதை மாமா நடந்தே போய்ப் பார்த்துட்டு வந்தார். வேகம் 15ஐத் தாண்டக் கூடாதுங்கிறது கண்டிஷன். சீட் பெல்ட்டுக்குப் பதிலா அவரோட முறைப்பு.

முதல் பாடம். நேராப் போய், பிரேக்கை முழுசா மிதிச்சு, ஸ்டீயரிங்கை ஒடிக்கணும். மிதிச்சேன், ஒடிச்சேன். முன் டயர் ரெண்டும் வலது பக்கம் பார்த்துட்டு இருக்கு, ஜீப் பாட்டுக்கு நேராப் போகுது! "இப்ப பிரேக்கை விடு" என்றார். விட்ட நொடி, டயர் உருள ஆரம்பிச்சு, ஜீப் வெடுக்குனு வலது பக்கம் திரும்புச்சு. உருளுற டயர்தான் திரும்பும், சறுக்குற டயர் திரும்பாது. ஏபிஎஸ் செய்யறதும் இதைத்தான், ஒரு செகண்டுக்குப் பல தடவை விட்டு விட்டுப் பிடிக்குது. (அது இருக்கிற வண்டின்னா நீங்க விட்டு விட்டு மிதிக்க வேண்டாம். முழுசா மிதிச்சுட்டு ஸ்டீயரிங்கைக் கவனிங்க.)

ரெண்டாவது பாடம், பின் பக்கம் வழுக்குறது. வளைக்கும்போது ஆக்ஸிலேட்டரை ஒரு அழுத்து அழுத்தினா, ஜீப்போட வால் வெளியே வீசுது. வயிறு வாய்க்கு வருது. அப்போ கால் தானா பிரேக்குக்குப் போகும். போகக் கூடாது. ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை மெதுவா எடுத்து, வால் எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கமே ஸ்டீயரிங்கைத் திருப்பணும். வால் நேராகும்போது ஸ்டீயரிங்கையும் நேராக்கிடணும். லேட் பண்ணினா எதிர்ப்பக்கம் வீசும், அது இன்னும் மோசம்.

மூணாவதுதான் சூப்பர். வயல் நடுவுல ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவுத்து வெச்சுட்டார். சறுக்கும்போது வாளி மேல மோதாம போகணும், அவ்வளவுதான். அவ்வளவு பெரிய வயல்ல, என் ரூம்மேட் கரெக்டா வாளி மேலேயே ஏத்தினான்!

"ஏல, வாளியவே பாத்துக்கிட்டுப் போனா வாளி மேலதான் போவும். போவ வேண்டிய எடத்தப் பாருல!"

வரப்புல நின்ன பனை மரத்தைப் பார்த்துட்டே ஸ்டீயரிங்கைத் திருப்பினா, கை தானா அந்தப் பக்கம் வேலை செய்யுது. பள்ளத்தைப் பார்த்தா பள்ளத்துக்குப் போகுது. வாளி வீட்டு வாளிங்கிறதால சாயங்காலம் அத்தை எங்க மூணு பேருக்கும் தனியா ஒரு கிளாஸ் எடுத்தாங்க.

அன்னிக்கு ராத்திரி ரூம்மேட் செம ஃபார்ம்ல இருந்தான். "இனிமே எந்த ரோட்டுலயும் ஓட்டலாம்டா மச்சான்!" இங்கேதான் நார்வே மேட்டருக்கு வர்றேன். 1980கள்ல அங்கே ஒரு ஆய்வு பண்ணினாங்க. வழுக்குத் தளத்துல பயிற்சி எடுத்தவங்களுக்கு விபத்து குறைஞ்சிருக்கானு. இளவட்டப் பசங்ககிட்ட குறையலை, கூடியிருந்துச்சு! காரணம் நம்ம ரூம்மேட் டயலாக்தான். 'எனக்குச் சறுக்கினா சமாளிக்கத் தெரியும்'னு தெம்பு வந்ததும், சறுக்குற வேகத்துலயே ஓட்டியிருக்காங்க. அதுக்கப்புறம் அந்தப் பக்கத்து நாடுகள்ல பாடத்தையே மாத்தினாங்க. சமாளிக்கக் கத்துக் கொடுக்கிறதைவிட, 'உன்னால சமாளிக்க முடியாது'னு காட்டி அனுப்புறதுதான் இப்போ சிலபஸ்.

இதை மாமாகிட்ட சொன்னப்போ அவருக்கு ஆச்சரியமே இல்லை. அதுக்குத்தான் 15ல ஓட்டச் சொன்னாராம். 15லயே வயிறு வாய்க்கு வந்தா, 50ல என்ன வரும்னு யோசிக்கட்டுமேனு.

பைக்கில இது இன்னும் கொடூரம். ஜீப் சறுக்கினா ஒரு செகண்டாவது யோசிக்க டைம் கிடைக்குது. பைக்கில முன் வீல் லாக் ஆனா கண் சிமிட்டுறதுக்குள்ள நாம தரையில. 2019 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த 125 சிசிக்கு மேற்பட்ட பைக்குகள்ல ஏபிஎஸ் கட்டாயமா இருக்கும். ஆனா அது வீலை லாக் ஆக விடாம பார்த்துக்கும், அவ்வளவுதான். இல்லாத பிடிமானத்தை எங்கே இருந்து கொண்டு வரும்? நம்ம ஜில்லாவுல மலை ஏறவும் வேண்டாம். ரோட்டுல காயப்போட்ட நெல்லு, வண்டி ஏறி மணி உதிரட்டும்னு பரப்பின உளுந்தஞ்செடி, வளைவுல டிராக்டர் சிந்திட்டுப் போன மணல்... எல்லாமே மாஞ்சோலைப் பாசிக்குச் சித்தப்பா மகன்தான். டயரைக் குனிஞ்சு பாருங்க. டூவீலருக்குச் சட்டப்படி 0.8 மில்லிமீட்டர் பட்டன் இருக்கணும், காருக்கு 1.6. நம்ம ஹாஸ்டல் ஸ்டாண்டுல எத்தனை வண்டி தேறும்?

கடைசியா மாமாகிட்ட ஒரு கேள்வி கேட்டேன். இருபது வருஷத்துக்கு மேல அந்த ரோட்டுல லாரி ஓட்டியிருக்கீங்க, எத்தனை தடவை வழுக்கியிருக்கு?

"ரெண்டு தடவை."

எந்த மழையிலன்னு கேட்டேன். ரெண்டும் மழை இல்லாத நாளாம். ரோடு முழுக்கக் காய்ஞ்சு கிடந்திருக்கு. ஒரே ஒரு வளைவுல மட்டும், மேலே மரத்துல மேகம் உரசி, இலையில இருந்து சொட்டுச் சொட்டா விழுந்து, அந்த இடம் மட்டும் நனைஞ்சு கிடந்துச்சாம்.