இடக்கைக்கு ஓய்வு

மனிதன் தன் உடம்புக்குக் கற்பிக்கும் பாடங்கள் இருவகைப்படும். ஒன்று, புதிதாக ஒரு செயலைச் செய்யக் கற்றல்; மற்றொன்று, நெடுநாள் செய்துவந்த செயலைச் செய்யாதிருக்கக் கற்றல். முன்னதினும் பின்னது அரிது. செய்யக் கற்கும்போது நம் விருப்பம் ஒன்று போதும். செய்யாதிருக்கக் கற்கும்போதோ, நம் விருப்பத்தோடு பழக்கமும் போராடுகிறது. மோட்டார் சைக்கிளில் கிளட்சைப் பிடிக்காமலே கியர் மாற்றக் கற்றபோது இவ்வுண்மையை நான் நன்கு உணர்ந்தேன்.

முப்பது ஆண்டுகளாக மோட்டார் சைக்கிள் ஓட்டி வருகிறேன். விடுமுறை நாள்களில் மலைச்சாலைகளில் நெடும்பயணம் செய்வதில் எனக்குப் பெருவிருப்பம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் என் இடக்கை மணிக்கட்டில் நோவு தோன்றியது. கடைத்தெருவின் நெரிசலில் ஒரு மணி நேரம் ஓட்டினால் விரல்கள் மரத்துப் போகும். மருத்துவர் கையைச் சோதித்தார். “ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதால் வந்த நோவு இது. வண்டி ஓட்டுவதைக் குறைத்துக்கொள்ளுங்கள், அன்றேல் இந்தக் கையின் வேலையையாவது குறைத்துக்கொள்ளுங்கள்” என்றார். முதல் வழி எனக்கு உவப்பாக இல்லை. மலைகளைக் காணாமல் வீட்டில் அடைந்துகிடக்க மனம் ஒப்பவில்லை. ஆகவே இரண்டாம் வழியைத் தேடினேன். பழைய வண்டியை விற்றுவிட்டு, கிளட்சின் உதவியின்றிக் கியர் மாற்றும் கருவி பொருத்திய புதிய நெடும்பயண வண்டி ஒன்றை வாங்கினேன்.

கிளட்சின் பணி யாது? எஞ்சினுக்கும் கியர்ப் பெட்டிக்கும் இடையே நின்று, வேண்டும்போது இரண்டையும் இணைத்து, வேண்டும்போது பிரிக்கும் உறுப்பு அது. மோட்டார் சைக்கிளின் கியர்ப் பெட்டியில் பற்சக்கரங்கள் இணை இணையாக எப்போதும் ஒன்றையொன்று கவ்வியே இருக்கும். ஆயினும் ஒவ்வோர் இணையிலும் ஒரு சக்கரம் தண்டோடு பிணைக்கப்படாமல் தனித்துச் சுழலும். அதன் பக்கத்தில் குழிகள் உண்டு. அடுத்துள்ள சக்கரத்தின் பக்கத்தில் தடித்த முளைகள் உண்டு. நாம் கியர் மிதியைக் காலால் அசைக்கும்போது, அம் முளைகள் ஒரு சக்கரத்தின் குழிகளை விட்டு நீங்கி, மற்றொரு சக்கரத்தின் குழிகளிற் சென்று பொருந்துகின்றன. இதுவே கியர் மாற்றம்.

எஞ்சின் வண்டியை விசையோடு இழுக்கும்போது இம் முளைகள் குழிகளின் சுவரை இறுக அழுத்திக்கொண்டிருக்கும், எளிதில் வெளிவாரா. கயிறு இழுக்கும் போட்டியில் இரு புறத்தாரும் முழு வலிமையோடு இழுக்கும் நேரத்தில் கயிற்றின் முடிச்சை அவிழ்க்க இயலுமோ? ஒரு புறத்தார் கணப்பொழுது தளர்த்தினாலன்றோ அது அவிழும்! அத் தளர்ச்சியைத் தருவதற்காகவே இடக்கை விரல்கள் கிளட்சைப் பிடிக்கின்றன. நகர நெரிசலில் ஓட்டுபவர் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான முறை இவ்வாறு பிடித்து விடவேண்டியுள்ளது.

இடக்கையின் இச்சுமையைக் குறைக்கும் முயற்சி இன்று நேற்றுத் தோன்றியதன்று. ஜப்பானிய நிறுவனமாகிய ஹோண்டா 1958 ஆம் ஆண்டில் சூப்பர் கப் என்னும் சிறு வண்டியை வெளியிட்டது. அதில் கையால் பிடிக்கும் கிளட்ச் இல்லை. எஞ்சினின் சுழற்சி வேகத்துக்கேற்பத் தானே இணைந்து தானே பிரியும் கிளட்ச் அதில் அமைந்திருந்தது. ஒரு கையில் உணவுத் தட்டைத் தாங்கிக்கொண்டு மறு கையால் வண்டியை ஓட்டும் உணவுக்கடைப் பணியாளரையும் மனத்திற்கொண்டு அவ் வண்டியை உருவாக்கினர் என்பர். 2017 ஆம் ஆண்டுக்குள் அவ்வகை வண்டிகள் 10 கோடி உற்பத்தியாயின என்றால், அவ்வெளிமைக்கு உலகம் தந்த வரவேற்பை உணரலாம். பின்னர்ப் பெரிய வண்டிகளுக்கும் இவ்வசதி வந்தது. 2010 ஆம் ஆண்டில் அதே நிறுவனம் இரு கிளட்சுகளைக் கொண்டு கியரைத் தானே மாற்றும் பெட்டியைப் பெரிய வண்டியொன்றில் பொருத்தியது. ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் 2014 ஆம் ஆண்டின் ஆர். 1200 ஆர்.டி. என்னும் நெடும்பயண வண்டியில், கிளட்சைத் தொடாமலே கியரை ஏற்றவும் இறக்கவும் உதவும் கருவியை, வேண்டுவோர்க்குப் பொருத்தித் தந்தது. பந்தய வண்டிகளிற் பயன்பட்ட கருவி இவ்வாறு பயணிகளின் வண்டிக்கு வந்து சேர்ந்தது. நான் வாங்கிய வண்டியிலும் அவ்வகைக் கருவியே உள்ளது. குவிக் ஷிப்டர் என்பது அதன் பெயர்.

அது செய்யும் வேலை எளியது, ஆயினும் வியப்பூட்டுவது. கியர் மிதியோடு இணைந்த உணர்கருவி ஒன்று, கால் மிதியை மேலே தூக்க முனைந்ததும் அதனை அறிந்துகொள்கிறது. உடனே எஞ்சினின் விசை, ஒரு நொடியை நூறு கூறாக்கினால் அவற்றுட் சில கூறுகளே ஆகும் நேரத்துக்கு நிறுத்தப்படுகிறது. கயிறு தளர்கிறது, முளைகள் இடம் மாறுகின்றன, விசை மீண்டும் வருகிறது. கியரை இறக்கும்போது இதற்கு மாறான செயல் நிகழ்கிறது. கீழ்க் கியருக்கு எஞ்சின் மேலும் விரைந்து சுழலவேண்டும். ஆதலால் கருவி எஞ்சினைக் கணநேரம் தானே முடுக்கிவிடுகிறது. இவ்வளவும் நாம் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடுகின்றன.

இவையெல்லாம் என் அறிவுக்கு விளங்கின, கைக்கு விளங்கவில்லை. கால் அசைந்ததும் இடக்கை விரல்கள் தாமே நீண்டு கிளட்சை நாடின. முப்பது ஆண்டுப் பழக்கம் முப்பது நாழிகையில் நீங்குமா? எனக்கு வண்டிப் பழுது பார்க்கும் முதியவர் ஒருவர் இதற்கு வழி கூறினார். “ஐயா, இடக்கையின் நான்கு விரல்களையும் கைப்பிடியைச் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள். கிளட்சின் மேல் ஒரு விரல்கூட இருக்கவேண்டா. கியரை ஏற்றும்போது ஆக்சிலரேட்டரைக் குறைக்காதீர்கள். இறக்கும்போது அதை முழுதும் மூடிவிடுங்கள். காலைத் தயங்கித் தயங்கி அசைத்தால் கருவி உங்கள் எண்ணத்தை எவ்வாறு அறியும்? உறுதியாக ஒரே முறை அசையுங்கள், பிறகு காலை மிதியிலிருந்து எடுத்துவிடுங்கள்” என்றார்.

அவர் சொற்களை மனத்திற்கொண்டு, இரு வாரங்கள் விடியற்காலையில் ஊர்ப்புறத்து நேர்ச்சாலையில் பயின்றேன். முதலிரு நாள்கள் மூன்றாம் கியரிலிருந்து நான்காம் கியருக்கு மட்டுமே மாறினேன். கியரை ஏற்றும்போது ஆக்சிலரேட்டரைக் குறைக்காதிருத்தல் எனக்கு மிகவும் அரிதாக இருந்தது. ஏனெனில் கிளட்சைப் பிடிப்பதும் ஆக்சிலரேட்டரைக் குறைப்பதும் இணைபிரியாத் தோழர்களாக என் கைகளில் வாழ்ந்து வந்தன. ஒன்றை விலக்க வேண்டுமாயின் மற்றதையும் விலக்கவேண்டியிருந்தது. மெல்ல மெல்லச் செவி எனக்கு ஆசானாயிற்று. எஞ்சின் தக்க வேகத்திற் சுழலும்போது கியர் மாறினால், சாவி பூட்டில் திரும்புவது போன்ற மெல்லிய ஒலி கேட்கும். வேகம் குறைந்திருக்கும்போது மாறினால் கியர்ப் பெட்டி ‘டொக்’கென்று முனகும், வண்டியும் சற்றே குலுங்கும். மெதுவாகச் செல்லும்போது கிளட்சைப் பிடித்தே கியரை மாற்றவேண்டும் என்பதை அவ்வொலியே கற்பித்தது. புறப்படும்போதும் நிற்கும்போதும் கிளட்ச் இன்றியமையாதது என்பதைச் சொல்லவேண்டுவதில்லை. இடக்கைக்குக் கிடைத்தது ஓய்வேயன்றி விடுதலை அன்று.

பயிற்சி முடிந்தபின் வால்பாறைக்குப் புறப்பட்டேன். பொள்ளாச்சியிலிருந்து ஏறத்தாழ 64 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது அவ்வூர். ஆழியாற்றைக் கடந்து மலையேறத் தொடங்கியதும் கொண்டை ஊசி வளைவுகள் வரும். அவற்றின் தொகை 40. ஒவ்வொரு வளைவிலும் அதன் எண் எழுதப்பட்டுள்ளது. முன்பெல்லாம் இருபதாம் வளைவைத் தாண்டுமுன்பே என் மணிக்கட்டு நோகத் தொடங்கும். வண்டியை ஓரமாக நிறுத்திக் கையை உதறிக்கொண்டு நிற்பேன். இம்முறை வளைவுகளுக்கு இடைப்பட்ட சாலையில் கால் மட்டுமே கியரை ஏற்றியது. வளைவை நெருங்கும்போது ஆக்சிலரேட்டர் மூடியது, பிரேக் பிடித்தது, கால் கியரை இறக்கியது. இடக்கை கைப்பிடியை உறுதியாகப் பற்றி வண்டியை நெறிப்படுத்திக்கொண்டிருந்தது. ஒன்பதாம் வளைவில் நின்று கீழே பார்த்தேன். ஆழியாற்று நீர்த்தேக்கம் வெயிலில் ஒளிர்ந்தது. பாறைச் சரிவில் வரையாடுகள் இரண்டு அச்சமின்றி நின்று புல் மேய்ந்தன. கை நோவாத காரணத்தால் கண் நன்றாகக் கண்டது என்றே எனக்குத் தோன்றிற்று.

மலையேறுவதினும் இறங்குவதே ஓட்டுபவரின் திறமைக்கு உரைகல். இறங்கும்போது பிரேக்கையே நம்பியிருத்தல் தகாது. கீழ்க் கியரில் ஓட்டி, எஞ்சினின் தடையைக் கொண்டே வேகத்தை அடக்கவேண்டும். கியர் மாற்றத்தை வளைவுக்கு முன்பே நேர்ச்சாலையில் முடித்துவிடவேண்டும். வண்டி சாய்ந்திருக்கும்போது மாற்றினால் பின்சக்கரம் தடுமாறக்கூடும். திரும்பி வரும் வழியில் ஒரு வளைவில், கீழிருந்து அரசுப் பேருந்து ஒன்று ஒலியெழுப்பிக்கொண்டு ஏறி வந்தது. மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிடுவது முறை. மூன்றிலிருந்து இரண்டுக்கு, இரண்டிலிருந்து ஒன்றுக்குக் கால் கியரை இறக்கிற்று. இரு கைகளும் பிடி தளராதிருந்தமையால் வண்டி கோடு விலகாமல் வேகம் குறைந்தது. நிற்கும் நேரம் வந்ததும், நான் எண்ணுமுன்பே இடக்கை விரல்கள் நீண்டு கிளட்சைப் பிடித்தன. வண்டி சாலையோரத்தில் அமைதியாக நின்றது. ஓட்டுநர் கையை உயர்த்தி நன்றி தெரிவித்துவிட்டுச் சென்றார்.

அப்போது எனக்கு ஓர் உண்மை புலப்பட்டது. பழைய பழக்கத்தை நான் அழித்துவிடவில்லை. அதற்குரிய இடத்தைக் காட்டி அமர்த்தியிருந்தேன். தேவையற்ற இடத்தில் அது தலையிடவில்லை. தேவையான இடத்தில் அழையாமலே வந்து உதவியது.

‘கருவிகள் பெருகினால் மனிதனின் திறமை குன்றிவிடும்’ என்று சிலர் வருந்துவர். அவ்வருத்தத்தில் உண்மை இல்லாமல் இல்லை. கிளட்ச் பிடிக்கக் கற்காமலே ஒருவன் இத்தகைய வண்டியில் ஏறினால், கருவி துணைசெய்யாத இடத்தில் அவன் திகைத்து நிற்பான். ஆனால் வேலையின் இயல்பை உணர்ந்தவன் கையிற் கிடைத்த கருவி அவன் திறமையைக் குறைப்பதில்லை. அதனை வேறிடத்திற் செலவிட உதவுகிறது. கையின் உழைப்பு குறைந்த அளவுக்கு என் செவியும் காலும் கருத்தும் கூர்மை பெற்றன. எஞ்சினின் ஒலியை முப்பது ஆண்டுகளில் கேளாத அளவுக்கு அந்த இரு வாரங்களிற் கேட்டேன்.

காலந்தோறும் புதிய கருவிகள் நம்மிடம் வந்துகொண்டே இருக்கும். அவற்றை அஞ்சி விலக்குவதும் அறிவன்று. அவற்றிடம் அனைத்தையும் ஒப்படைத்துவிடுவதும் அறிவன்று. கருவி எதனைச் செய்கிறது, எதனைச் செய்யாது என்று முதலில் அறிதல் வேண்டும். பின்னர்ப் பொறுமையோடு பயிலுதல் வேண்டும். பழையதன் பயனை மறவாமல் புதியதை ஏற்பவனுக்கே இரண்டும் துணையாகும்.