எழுபத்தைந்து குதிரை போதாதா?

புதுப்பேட்டைக்குள் பைக்கை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனால், திரும்பி வந்து அதே பைக்கை உதிரி உதிரியாக விலைக்கு வாங்கலாம் என்று சென்னையில் ஒரு பழைய ஜோக் உண்டு. என் நண்பர் அங்கே போனது இன்ஜின் வாங்க. துணைக்கு நான். சீட்டு எடுத்த ரெண்டு லட்சம் அவர் கணக்கில் இருந்தது. அவர் மனைவிக்கு அந்த ரெண்டு லட்சத்தின் மேல் வேறு கணக்கு: மழைக்கு முன்னாடி மொட்டை மாடிக்குத் தட்டோடு!

வண்டி நிற்பது போடிநாயக்கனூரில். நண்பரின் அப்பா ஏலக்காய் மூட்டை ஏற்றி மலைக்கும் ஊருக்குமாக ஓட்டிய மஹிந்திரா சி.ஜே. 3பி. பெட்ரோல் ஜீப். அப்பா போன பிறகு கொட்டகையில் கோழி அடைகாக்கும் இடமாகிவிட்டது. ஆர்.சி. மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது. "புது இன்ஜின் வெச்சு மலையேத்தணும் சார், அப்பா போன ரூட்ல எல்லாம் போகணும்" என்பது நண்பரின் லட்சியம். ஆபீஸில் லெட்ஜர் எழுதுகிற மனுஷன், இதைச் சொல்லும்போது மட்டும் ரெண்டு இஞ்ச் உயரமாகிவிடுவார்.

புதுப்பேட்டையில் காய்கறிக் கடை மாதிரி கியர் பாக்ஸை அடுக்கி வைத்திருக்கிறார்கள். நண்பர் நேரே தார் சி.ஆர்.டி.இ. இன்ஜினைக் கேட்டார். 2498 சி.சி., 105 குதிரை சக்தி. கடைக்கார பாய் விலை சொல்லவில்லை. "எந்த வண்டிக்கு தம்பி?" என்றார். சொன்னோம். "மூணு கியர் பாக்ஸா?" என்றார். ஆமாம் என்றோம். சிரித்துவிட்டு டீ சொன்னார். டீ நன்றாக இருந்தது.

ராத்திரி பஸ் பிடித்துப் போடி போய்ச் சேர்ந்தோம். அப்பாவின் பழைய மெக்கானிக் பானெட்டைத் தூக்கி, கோழி முட்டை ஒன்றைப் பத்திரமாக எடுத்துக் கொடுத்துவிட்டு, "இதுல இருக்கறது என்னா இன்ஜின்னு தெரியுமா?" என்றார். ஹரிக்கேன். 2199 சி.சி., 75 குதிரை. இழுவை 2000 சுற்றிலேயே சுமார் 155 நியூட்டன் மீட்டர். (அந்தக் காலத்து அளவுகள் கொஞ்சம் தாராள மனசோடு எடுத்தவை; சற்றுக் கழித்துக்கொள்ளலாம்.) எம்.எம். 540-ல் வந்த பெஜோ டீசல் இதைவிடச் சின்னது, 2112 சி.சி., 62 குதிரைதான். அந்தக் காலத்தில் ஊரெல்லாம் பெட்ரோலைக் கழற்றிவிட்டு டீசலை மாட்டியது வேகத்துக்கா? பெட்ரோல் பங்க் பில்லுக்கு பயந்து!

"சரிண்ணே, தார் டி.ஐ.?" என்றார் நண்பர். 2523 சி.சி., 63 குதிரை. ஆனால் முறுக்கு விசை 182.5, அதுவும் 1500 சுற்றிலேயே. ஆசை விடவில்லை. பெரியவர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "முதல்ல கொழுக்குமலை போய்ட்டு வாங்க. டிரைவர் காலை மட்டும் பாருங்க. மத்ததை அப்புறம் பேசிக்கலாம்."

கொழுக்குமலை நம் தேனி மாவட்டம்தான். ஆனால் வண்டியில் போக கேரளா வழியாகத்தான் போகணும். போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். அப்புறம் பூப்பாறை, சூரியநெல்லி. அங்கிருந்து உள்ளூர் ஜீப். சாலை என்று சொன்னால் சாலைகள் கோபித்துக்கொள்ளும். பாறைகளை யாரோ வரிசையாகக் கொட்டிவிட்டு, எடுக்க மறந்து போயிருக்கிறார்கள். இருட்டில் கிளம்பினோம். நண்பர் சூரிய உதயத்தைப் பார்க்கவே இல்லை. குனிந்து டிரைவரின் காலையே பார்த்துக்கொண்டு வந்தார். டிரைவருக்குச் சங்கடமாகப் போய், "செருப்பு புதுசு சார்" என்றார்.

அந்தக் கால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கவே இல்லை! லோ கியரில் போட்டுவிட்டுச் சும்மா இருந்தது. வண்டி தானாக உறுமிக்கொண்டு பாறை பாறையாக ஏறியது. இறங்கும்போதும் அதே கியர்தான். இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்கிறது. பிரேக் சும்மா ஒத்தாசைக்கு. மேலே மேகம் காலுக்குக் கீழே பஞ்சு மூட்டை மாதிரி கிடந்தது. பிரிட்டிஷ் காலத்துத் தேயிலைத் தொழிற்சாலை வாசலில் நின்று டீ குடித்தபடி, டிக்கெட் பின்பக்கம் கணக்குப் போட்டோம். 3பி ஜீப்பில் முதல் கியர் 2.8, லோ ரேஞ்ச் 2.46, ஆக்ஸில் 5.38. மூன்றையும் பெருக்கினால் 37. இன்ஜின் கொடுக்கும் முறுக்கு, உராய்வில் போனது போக, கிட்டத்தட்ட 37 மடங்காகச் சக்கரத்துக்குப் போகிறது. 1000 சுற்றில் வண்டி நம்மோடு நடந்து வரும். இந்தப் பாறைக்கு 105 குதிரை எதற்கு? குதிரைகளுக்கு நிற்க இடம் வேண்டாமா?

திரும்பி வந்ததும் பெரியவர் மிச்சத்தைச் சொன்னார். சி.ஆர்.டி.இ.யின் 247 நியூட்டன் மீட்டரை அந்த மூணு கியர் பாக்ஸில் விட்டால் பல் உதிரும். எனவே கியர் பாக்ஸ் மாற்று. நீளம் மாறினால் இரண்டு புரொபெல்லர் ஷாஃப்டையும் வெட்டு. கம்ப்யூட்டர் பெட்டி, சென்சார், வயரிங் வேறு. டிரம் பிரேக் அதே பழசு. எல்லாம் முடிந்து ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போனால்? அதே ரக இன்ஜின் மாற்றவே அனுமதி வாங்கணும். தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. "ஆர்.சி. போச்சுன்னா உங்கப்பா வண்டி பழைய இரும்புக் கடைக்குத்தான் தம்பி" என்றார். அதுவரை வாதாடிக்கொண்டிருந்த நண்பர் அப்போதுதான் வாயை மூடினார்.

ஹெட்டைக் கழற்றியாகிவிட்டது. போரிங், பிஸ்டன், ரிங், வால்வு, ரேடியேட்டர் சுத்தம், கார்புரேட்டர். நம்பர் பொறித்த பழைய பிளாக் அப்படியே இருக்கும். எஸ்டிமேட், ரெண்டு லட்சத்தில் பாதிகூட வரவில்லை. மிச்சத்தில் முதலில் நாலு சக்கரத்துக்கும் பிரேக்கா, தட்டோடா என்பது பற்றி நண்பர் வீட்டில் பேச்சுவார்த்தை நடக்கிறது. நேற்றுவரை தட்டோடு முன்னணியில் இருப்பதாகத் தகவல்.