பூட்டில்லா நூலகமும் பரண்மேல் பெட்டியும்

கல்வியைத் தேடி ஊர்விட்டு ஊர் நடந்த காலம் ஒன்று இருந்தது. ஒரே ஒரு கிதாபைப் பார்த்தெழுதிக் கொள்வதற்காகக் கீழக்கரைக்கும் காயல்பட்டினத்திற்கும் பயணப்பட்ட ஆலிம்களைப் பற்றி நம் உஸ்தாதுமார்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். இன்றோ செங்கற்பட்டில் கொளவாய் ஏரிக்கருகே குடியிருக்கும் ஒரு பிள்ளை, தகப்பனாரின் கைப்பேசியைத் திறந்து ஒரு மாபெரும் நூலகத்தினுள் நுழைந்துவிடுகிறது. வாயிலில் காவலும் இல்லை, கட்டணமும் இல்லை.

அந்த நூலகம் தானாக முளைத்ததன்று. 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் மதுரைத் திட்டம் தொடங்கியது. பல நாடுகளில் வாழும் தமிழர்கள் ஊதியம் கருதாது பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டு, பிழை திருத்தி, யாவருக்கும் பொதுவாக இணையத்தில் வைத்தனர். நம் உமறுப் புலவரின் சீறாப்புராணமும் அவற்றுள் ஒன்று. 2001இல் தமிழ்நாட்டரசு நிறுவிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என்னும் பெயரில் பாடங்களையும் நூல்களையும் வழங்கி வருகிறது. மத்திய அரசு 2017இல் தொடங்கிய சுவயம் தளத்தில் வரலாறு, சமூகவியல், தத்துவம், கல்வியியல் ஆகிய பாடங்களை வீட்டிலிருந்தே கற்கலாம். கற்பதற்குப் பணமில்லை, தேர்வெழுதிச் சான்றிதழ் பெற விரும்புவோர் மட்டுமே கட்டணம் செலுத்த வேண்டும். அரபு மொழியிலோ மக்தபத்துஷ் ஷாமிலா ஆயிரக்கணக்கான கிதாபுகளை ஒருங்கே திரட்டித் தருகிறது. நாம் ஓதிய நாளில் ஒரு தப்ஸீரின் எல்லாப் பாகங்களையும் ஒரே அலமாரியில் கண்டதில்லை.

இதன் பயனை நேரிற் கண்டோம். நம்மிடம் ஓதும் மாணவி ஒருத்தி, பள்ளிக் கட்டுரைக்காக மாமல்லபுரத்தைப் பற்றித் தேடினாள். 1890இல் ஹுல்ட்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதி அவளுக்கு விலையின்றிக் கிடைத்தது. கடற்கரைக் கோயிலிலுள்ள முதலாம் இராசராசனின் 25ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு அதில் இருந்தது. சுமார் 1010ஆம் ஆண்டினது. மாமல்லபுரத்து நகரத்தார் கூடி, நன்செய், புன்செய், தோட்டம் ஆகியவற்றைப் பங்கிட்டுக்கொள்ளச் செய்த ஏற்பாட்டை அது கூறுகிறது. சுற்றுலா சென்றபோது அவள் பன்முறை கடந்துபோன கல் அது. உடனமர்ந்து சொல் சொல்லாகப் பிரித்துப் படித்தபோது, அந்தக் கல் பேசக் கண்டோம்.

படித்து முடித்ததும் அவள் கேட்டாள்: “ஹஜ்ரத், எங்கள் நன்னிமா ஓதிக்கொண்டிருந்த அரபுத் தமிழ்க் கிதாபு இதில் எங்கே இருக்கிறது?”

தேடினோம். அரபுத் தமிழ் நூல்கள் சில கண்ணில் பட்டன. அவள் கேட்ட நூல் அகப்படவில்லை.

ஏன் அகப்படவில்லை என்பதற்கான விடை சில மாதங்களில் கோவளத்தில் கிடைத்தது. பெரியவர் ஒருவர் வபாத்தான வீட்டிற்குத் துக்கம் விசாரிக்கச் சென்றிருந்தோம். திண்ணையில் ஒரு மரப்பெட்டி இருந்தது. கிழிந்த ஏடுகளைக் கண்ணியமாகக் கடலில் சேர்த்துவிட வேண்டும் என்றனர் வீட்டார். திறந்து பார்த்தோம். குர்ஆனின் ஜுஸ்உகள் சில இருந்தன. எஞ்சியவை அரபுத் தமிழ் நூல்கள்: தொழுகைச் சட்டங்கள், பெண்கள் ஓதும் பாமாலைகள். ஏடுகளின் ஓரங்களில் தோணிக் கணக்கும் பிள்ளைகள் பிறந்த ஹிஜ்ரித் தேதிகளும் எழுதப்பட்டிருந்தன. அரபி எழுத்தைக் கண்டதும் எல்லாவற்றையும் வேதமென்றே கருதிவிட்டனர், பாவம்! அவர்கள்பால் குற்றமில்லை, படித்துச் சொல்வார் இல்லை. இதைப்போன்ற இன்னொரு பெட்டி முந்திய வாரமே கடலுக்குப் போய்விட்டதாம்.

தமிழுக்கே உரிய ஒலிகளைக் குறிக்க அரபி எழுத்திற்குப் புள்ளிகள் கூட்டிப் புதிய வடிவங்கள் கண்டவர்கள் நம் முன்னோர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் போன்ற மேதைகள் அந்த எழுத்தில்தான் பொதுமக்களுக்கு மார்க்கச் சட்டங்களைப் போதித்தனர். அதைச் சரளமாகப் படிப்போர் இன்று அருகிவிட்டனர். நூலும் போய், படிப்பவரும் போனால், பின்வருவோர் எதைக் கொண்டு நம்மை அறிவர்?

இழந்த பின் விழித்தவர்களிடம் நமக்குப் பாடம் உண்டு. 1981ஆம் ஆண்டு மே மாத இறுதியில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. ஈழத்து நூல்களை இணையத்தில் காக்கும் நூலகம் திட்டத்தை 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கினர். இலங்கை முஸ்லிம் எழுத்தாளர்களின் நூல்களும் அதில் இடம்பெற்றுள்ளன. அங்கே நெருப்பு செய்ததை இங்கே நம் அறியாமையும் கரையானும் ஓசையின்றிச் செய்துகொண்டிருக்கின்றன.

வக்பு என்பது பள்ளிவாசலும் நிலமும் மட்டுமன்று. கிணறு வெட்டி வைத்தலும் கிதாபு எழுதி வைத்தலும் வக்பாகவே போற்றப்பட்டன. யாரோ வெட்டிய கிணற்றில் நாம் நீர் முகக்கிறோம். நன்று, முகப்போம். நம் பங்குக்கு ஒரு குடம் ஊற்றும் கடமையும் உண்டல்லவா?

அதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. நல்ல வெளிச்சத்தில் ஏடு ஏடாகக் கைப்பேசியில் படமெடுக்கலாம். நூற்பெயர், ஆசிரியர், அச்சகம், ஆண்டு ஆகியவற்றைக் குறித்து வைக்கலாம். ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் நிறைந்த நூலாயின் நம் நாட்டில் பதிப்புரிமைத் தடை இல்லை. பிந்தியதாயின் வாரிசுகளின் இசைவு கேட்க வேண்டும். அரபுத் தமிழ் படிக்கத் தெரிந்த முதியவர் ஊரில் இருந்தால், கல்லூரியில் பயிலும் பிள்ளையை அவரருகே அமர்த்துங்கள். அவர் படிக்கட்டும், பிள்ளை தமிழெழுத்தில் எழுதட்டும். மார்க்கக் கல்வியும் உலகக் கல்வியும் அங்கே ஒரே பாயில் அமரும்.

ரமலானை வரவேற்க வீட்டைத் துப்புரவு செய்யும்போது பரணிலிருந்து ஒரு பெட்டி இறங்கக்கூடும். அதைக் கடலுக்கு அனுப்புமுன் திறந்து பாருங்கள். முதல் ஏட்டை அரபியும் தமிழும் அறிந்த ஒருவரிடம் காட்டி, “இது எந்த மொழி?” என்று கேளுங்கள்.