நனைத்து இறக்கிய கூரை

சிட்னி



போன வாரம் எங்கள் வீட்டுக் கொல்லையில் இருந்த பழைய கராஜை இறக்கினார்கள். மேற்கு சிட்னியில் 1950களில் கட்டிய வீடு இது. கராஜுக்குச் சுவரும் கூரையும் ‘ஃபைப்ரோ’. நம்மூர் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டின் கூடப்பிறந்தது, சிமெண்டில் கல்நார் கலந்து வார்த்த தகடு. போருக்குப் பிறகு கையில் காசில்லாத குடும்பங்கள் வீடு கட்டிக்கொண்டது இந்தத் தகட்டை நம்பித்தான். விரிசல் இல்லாமல் பெயின்ட் அடித்து நிற்கிறவரை அதைச் சும்மா விட்டுவிடலாம். எங்களுடையதன் மேல் புயலில் யூகலிப்டஸ் கிளை விழுந்து இரண்டு தகடுகள் உடைந்துவிட்டன.

தகடு 10 சதுர மீட்டருக்குள் இருந்தால் வீட்டுக்காரரே கழற்றிக்கொள்ள இந்த மாநிலச் சட்டம் இடம் தருகிறது. எங்களுடையது முப்பதைத் தாண்டியது. உரிமம் பெற்றவர்கள்தான் வரவேண்டும். பத்துக்குள் இருந்திருந்தாலும் நான் தொட்டிருக்க மாட்டேன்.

காலையில் இரண்டு பேர் வந்தார்கள். பக்கத்து வீட்டாரிடம் ஜன்னலைச் சாத்தி, கொடியில் கிடந்த துணியை எடுக்கச் சொன்னார்கள். தரையெல்லாம் பிளாஸ்டிக் விரித்தார்கள். தலை முதல் கால்வரை மூடும் வெள்ளை அங்கி, பி2 முகக்கவசம். கவசம் முகத்தோடு ஒட்டி நிற்கவேண்டும் என்பதற்காக இருவருமே தாடியை மழித்திருந்தார்கள். வயலில் மருந்தடிக்கிற மாதிரி முதுகில் தெளிப்பானை மாட்டிக்கொண்டு தகடுகளை நனைத்தார்கள். பீய்ச்சி அடிக்கவில்லை, பனி இறங்குவதுபோல் மெல்லத் தெளித்தார்கள். வேகமாக அடித்தால் தண்ணீரே நாரைக் கிளப்பிவிடும். மின் ரம்பம், துளைக் கருவி எதுவும் இல்லை. ஆணி ஆணியாக நெம்பி, ஒவ்வொரு தகட்டையும் முழுசாகக் கைமாற்றி இறக்கினார்கள், தூங்குகிற குழந்தையை இறக்குவதுபோல.

0.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள பிளாஸ்டிக்கில் இரண்டு சுற்று சுற்றி, டேப் ஒட்டி, எச்சரிக்கைச் சீட்டும் ஒட்டினார்கள். சுவரடி மண்ணில் கிடந்த துண்டுகளைக் கையுறையோடு ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்கள். துடைப்பத்தைத் தொடவே இல்லை. அங்கியை உட்புறம் வெளியே வரும்படி சுருட்டிக் கழற்றினார்கள், முகக்கவசம் கடைசியாக. அத்தனையும் கல்நார் வாங்க அனுமதி பெற்ற குப்பைக்கிடங்குக்குப் போய் மண்ணுக்குள் புதைந்தது. பிறகு வேறொருவர் வந்து பார்த்து, இடம் சுத்தம் என்று எழுதிக் கொடுத்தார்.

ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அப்பாவின் ஞாபகம்தான். கும்பகோணத்துப் பக்கம் எங்கள் வீட்டு மாட்டுக்கொட்டகைக்கு ஷீட் போட்டபோது அவர் ரம்பத்தால் அறுத்தார், நான் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இருவர் தலையிலும் வெள்ளைப்பொடி. அம்மா அதைப் பெருக்கித் தள்ளினாள், அப்பாவின் சட்டையை உதறித் துவைத்தாள். மிஞ்சிய துண்டுகளைப் போகித் தீயில் போட்டு, அவை படீரென்று வெடிப்பதைக் கேட்கக் காத்துக்கிடப்போம்.

அந்தப் பொடியில் இருக்கும் நார் கண்ணுக்குத் தெரியாது. நுரையீரலில் தங்கிவிட்டால், புற்றுநோய் தலைகாட்ட 20 முதல் 50 ஆண்டுகள்கூட ஆகலாம். இங்கே எங்கள் பக்கத்துக் கமீலியாவில் இருந்த கல்நார் ஆலையில் வேலை பார்த்தவர் பெர்னி பான்டன். மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு சக தொழிலாளர்களின் இழப்பீட்டுக்காகப் போராடி 2007 நவம்பரில் இறந்தார். கணவரின் வேலைச் சட்டையைத் துவைத்ததாலேயே நோய் வந்த பெண்களும் இந்த நாட்டில் உண்டு. அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் இல்லை. ஆஸ்திரேலியா 2003 டிசம்பர் 31 முதல் கல்நாரை முற்றாகத் தடை செய்தது. இந்தியாவிலோ நாரை இறக்குமதி செய்து ஷீட் வார்ப்பது இன்னும் நடக்கிறது.

நேற்று தம்பி பேசினான். அதே கொட்டகையைப் பிரிக்கப்போகிறானாம். நல்ல ஷீட்டை ஒருவர் கோழிக்கூண்டுக்குக் கேட்டிருக்கிறார், உடைந்ததைப் பாதைப் பள்ளத்தில் கொட்டிவிடலாம் என்றான். பாதையில் போட்டால் வண்டி ஏறி ஏறிப் பொடியாகும், வேண்டவே வேண்டாம் என்றேன். அறுக்காதே, மேலே ஏறி நிற்காதே, நனைத்துவிட்டு போல்ட்டைக் கழற்று என்றேன்.

“சரிண்ணே, கழட்டிட்டு எங்க கொண்டுபோய்ப் போடுறது?”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. தார்ப்பாயில் இறுகச் சுற்றி, பிள்ளைகள் கை படாத இடத்தில் வைக்கச் சொன்னேன். பஞ்சாயத்தில் நானே வந்து கேட்கிறேன், போகிக்குள் வந்துவிடுவேன் என்று சொல்லியிருக்கிறேன்.