கற்பிட்டி மணலும் ஒரு குவாட் பைக்கும்

மணலில் வண்டியை ஓடவைப்பது எப்படி என்று புத்தளத்துக் கரையோர மக்களுக்கு எவரும் போதிக்க வேண்டியதில்லை. உடப்பிலிருந்து கண்டக்குழி வரை கரைவலை இழுக்கும் வாடிகளில், ஒருகாலத்தில் அம்பாப் பாடலுக்கு அடியெடுத்து வைத்து ஆட்கள் இழுத்த கயிற்றைப் பிற்காலத்தில் டிராக்டர்கள் இழுக்கத் தொடங்கின. அந்த டிராக்டர்காரர்கள் கடற்கரையில் இறங்குமுன் செய்யும் முதல் வேலை டயரில் காற்றைக் குறைப்பது. கடும் உழைப்பால் தேறிய இந்த அறிவைத்தான், பல்லாயிரம் டொலர் பெறுமதியான ஒரு புதிய இயந்திரத்தை மணலுக்குத் தயார்செய்ய வந்த என் மருமகனுக்கு அவர்களில் ஒருவர் இரண்டே வாக்கியங்களில் சொன்னார்.

"தம்பி, காத்த எறக்குங்க. மணலோட சண்டை பிடிக்க ஏலாது."

மருமகன் என்றது என் தங்கையின் மகனை. ரொறன்ரோவில் வளர்ந்தவன். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் திறக்கப்பட்டதும், தன் சேமிப்பைக் கொண்டு யமஹா ராப்டர் 700 ரக ஸ்போர்ட் குவாட் ஒன்றைக் கற்பிட்டிக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டான். அது வந்த வழியையும் கட்டிய வரியையும் பற்றி எழுதினால் அதுவே தனிக் கட்டுரையாகிவிடும். காற்றாடிச் சறுக்கலுக்காகக் கற்பிட்டிக்கு வரும் வெளிநாட்டவர்கள் மணல்மேட்டுச் சவாரிக்கும் காசு கொடுப்பார்கள் என்பது அவன் கணக்கு. முதலில் ஒரு வண்டி. ஓடினால் இன்னும் மூன்று. "மாமா, உங்களுக்கு அங்கை எல்லாரையும் தெரியும். வந்து பக்கத்திலை நில்லுங்கோ" என்றான். பத்திரிகைத் தொழிலில் தலை நரைத்தவனுக்கு இத்தகைய அழைப்புகளை மறுக்கும் பலம் குறைவு. பாலாவிச் சந்தியில் திரும்பினால் கற்பிட்டிக்கு ஏறத்தாழ 40 கிலோமீற்றர். ஒருபக்கம் களப்பு, மறுபக்கம் கடல். போனேன்.

இந்த வண்டியின் பூர்வோத்தரத்தைச் சற்றே சொல்லிவிடுவது நல்லது. 1970இல் ஹொண்டா நிறுவனம் பருத்த பலூன் டயர்களுடன் ஒரு மூன்றுசக்கர வண்டியை அமெரிக்காவில் விற்கத் தொடங்கியது. பனிக்கும் மணலுக்கும் உகந்த அந்த வண்டி வளைவுகளில் கவிழ்ந்து ஏராளமானோரை முடமாக்கியது, உயிர்களையும் பறித்தது. 1988இல் அரசும் உற்பத்தியாளர்களும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி புதிய மூன்றுசக்கர வண்டிகளின் விற்பனை அங்கே நின்றுபோனது. அதற்கு முன்னரே, 1985இல், சுசுக்கி நிறுவனம் வேகத்துக்கென்றே ஒரு நான்குசக்கர வண்டியை வெளியிட்டிருந்தது. வயலில் பாரம் சுமக்கும் குவாட் வேறு, இந்த ஸ்போர்ட் குவாட் வேறு. பின்னதன் ஆசனம் நீளமாகத் தெரிவது ஓட்டுபவர் முன்னும் பின்னும் நகர்ந்து எடையை மாற்றுவதற்காகவே தவிர, பின்னால் ஓர் ஆளை ஏற்றுவதற்காக அன்று. ஒரே மோட்டார் சைக்கிளில் குடும்பத்தோடு பயணிக்கும் நம் நாட்டில் இதை எத்தனை முறை சொன்னாலும் போதாது.

இனித் தயாரிப்பு. டயரிலிருந்துதான் தொடங்கவேண்டும்.

கம்பனி தரும் டயர்கள் இறுகிய நிலத்துக்கானவை. உலர்ந்த மணலுக்கென்று பின்சக்கரங்களுக்குத் துடுப்பு டயர்கள் உண்டு. வழவழப்பான டயரின் குறுக்கே, வள்ளத்துத் துடுப்பின் அலகைப் போல எட்டோ பத்தோ ரப்பர்த் தகடுகள் நிற்கும். அவை மணலை அள்ளிப் பின்னே எறிய, வண்டி முன்னே போகும். தகடுகளுக்கு உட்குழிவான முகம் ஒன்று உண்டு. அந்த முகம் மணலை அள்ளும் திசையில் மாட்டவேண்டும். மாற்றி மாட்டினால் துடுப்பின் முதுகால் வள்ளம் வலித்த கதையாகும். முன்சக்கரங்களுக்கோ நடுவில் ஒரேயொரு வரம்பு ஓடும் டயர். அதுதான் சுக்கான். கடற்றொழிலாளர் ஊரில் இதை விளக்குவது எத்தனை எளிதாயிற்று என்பதைப் பார்க்க வேண்டுமே! வேடிக்கை பார்க்க வந்த சிறுவர்களே ஒருவருக்கொருவர் விளக்கம் சொல்லிக்கொண்டார்கள்.

காற்றழுத்தம் அடுத்தது. காரின் டயரில் 30 பி.எஸ்.ஐ. அளவில் இருப்பது இங்கே நான்கைந்துக்குள் அடங்கிவிடும். பெற்றோல் ஷெட்டிலுள்ள மானி அத்தனை சிறிய அளவைச் சரியாகக் காட்டாது; குறைந்த அழுத்தத்துக்கென்றே செய்த மானி ஒன்று தேவை. இரு பின்சக்கரங்களுக்குமிடையே அரைப் புள்ளி வேறுபாடு இருந்தாலும் வண்டி ஒருபக்கம் இழுக்கும். வெயில் ஏற ஏற அழுத்தமும் ஏறும் என்பதால் காலையில் பார்த்ததை நண்பகலில் மீண்டும் பார்க்கவேண்டும்.

துடுப்பு டயர் மணலைப் பிடிக்கும்போது எஞ்சின் திணறும். சில்லு வழுக்கினால் எஞ்சினுக்குச் சுமையில்லை; பிடித்தால்தான் சுமை. ஆகவே செயின் ஓடும் பற்சக்கரங்களை மாற்றுகிறார்கள். முன்னே 14 பல்லும் பின்னே 38 பல்லும் உள்ள வண்டியில், முன்னே ஒரு பல்லைக் குறைப்பது பின்னே மூன்று பல்லைக் கூட்டுவதற்கு ஏறக்குறைய சமம். முன்சக்கரம் சிறியது, விலையும் குறைவு. மருமகன் 13 பல்லை மாட்டினான். உச்ச வேகம் சற்றுக் குறையும். மேட்டில் ஏறும் தெம்பு கூடும்.

எஞ்சினைக் கொல்வது வேகம் அன்று, தூசி. கற்பிட்டிக் காற்றில் எந்நேரமும் மாவு போன்ற மணல் பறந்துகொண்டிருக்கிறது. எண்ணெயூட்டிய கடற்பஞ்சு போன்ற வடிகட்டி, அதன்மேல் துணியுறை, வடிகட்டி பெட்டியோடு சேரும் விளிம்பில் கிரீஸ், இம்மூன்றும் இல்லாவிட்டால் பிஸ்டன் வளையங்கள் ஒரு பருவத்துக்குக்கூடத் தாங்கா. ஒவ்வொரு நாளும் கழற்றிப் பார்க்கவேண்டும். செயினுக்கு ஒட்டும் எண்ணெய் பூசக்கூடாது. மணல் அதில் ஒட்டி அரத்தைப்போல் தேய்த்துவிடும்.

அதிர்ச்சி தாங்கிகளைச் சற்று இளக்கினான். மணிக்கட்டில் கட்டும் கயிறு ஒன்று வந்தது. ஆள் விழுந்தால் கயிறு பிடுங்கப்பட்டு எஞ்சின் நின்றுவிடும். பின்னே ஒரு நீண்ட கம்பில் செந்நிறக் கொடி. கலிபோர்னியாவின் இம்பீரியல் மணல்மேடுகளில் இந்தக் கொடி தரையிலிருந்து 8 அடி உயரத்தில் பறக்கவேண்டும் என்பது விதி. மேட்டின் மறுபுறத்தில் வருபவருக்கு வண்டி தெரியுமுன் கொடி தெரியவேண்டும் என்பதே காரணம். நமது மேடுகள் அவற்றோடு ஒப்பிடக் குள்ளமானவை. ஆயினும் மறுபுறத்தில் விறகு பொறுக்கும் ஒரு பெண்ணோ ஆட்டுக்குட்டியோ இல்லையென்று யார் சொல்வது? மேட்டின் உச்சியை அடைந்ததும் நிறுத்தி, பார்த்து, பிறகே இறங்கவேண்டும் என்பதை மருமகனிடம் எழுதியே வாங்கிக்கொண்டேன்.

மணல்மேட்டை வாசிக்கவும் தெரியவேண்டும். மே தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று இக்கரையை ஓயாமல் அறைகிறது. எனவே கடலை நோக்கிய சரிவு சாய்மானமாகவும் இறுகியும் இருக்கும். காற்று உச்சியைத் தாண்டிக் கொட்டிவிட்ட மணல் நிலப்பக்கத்தில் செங்குத்தாக நிற்கும். உலர்ந்த மணல் 34 பாகைக்கு மேல் நிற்பதில்லை. அந்தச் சரிவில் ஒரு சில்லு பட்டாலே முழுதும் வழியும். கடற்பக்கமாக ஏறலாம், நிலப்பக்கத்தில் இறங்கினால் நேராக இறங்கவேண்டும், குறுக்கே திருப்பினால் உருளுவது நிச்சயம். அதிகாலைப் பனியில் மணல் கட்டுக்கோப்பாயிருக்கும், நண்பகலில் சீனியாகிவிடும்.

இவ்வளவும் முடிந்து, ஆலங்குடாப் பக்கத்து மேடொன்றின் அடியில் வண்டி உறுமிக்கொண்டு நின்றபோதுதான் வெங்காயத் தோட்டத்துப் பெரியவர் வந்தார். சாரமும் தொப்பியுமாக மெலிந்த மனிதர். கோபமில்லை. வண்டியைச் சுற்றிவந்து துடுப்பு டயரைத் தடவிப் பார்த்தார். பிறகு காலடியிலிருந்த முட்புல்லைக் காட்டினார்.

"இதுக்குப் பேர் தெரியுமா, தம்பி?"

மருமகனுக்குத் தெரியவில்லை. இராவணன் மீசை. ஊசி முனைகளோடு கொத்துக் கொத்தாகப் படரும் இந்தப் புல்லும், ஊதாப் பூவோடு ஓடும் அடம்பன் கொடியுமே மேட்டைக் கட்டிப்போட்டிருக்கின்றன. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்ற நம் முதுமொழி கடற்கரையில் பிறந்தது என்றே எனக்கு எப்போதும் தோன்றும். வேர் அறுந்தால் காற்று அவ்விடத்தில் குழி பறிக்கும். குழி பெருகி, மணல் நிலப்பக்கமாக நடக்கத் தொடங்கும். வடமராட்சியில் மணற்காட்டுக்குப் போனவர்கள் மணலில் புதையுண்ட பழைய அந்தோனியார் கோவிலைக் கண்டிருப்பார்கள். மணல் நடந்தால் என்னவாகும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. துடுப்பு டயரோ அள்ளுவதற்கென்றே செய்யப்பட்டது. சாதாரண டயர் புல்லை நசுக்கும். இது வேரோடு பிடுங்கி எறியும்.

"புல்லுப் போனா மணல் என்ட தோட்டத்துக்கு வரும். கெணத்துக்குள்ள வரும். தொண்ணூறுல ஒரு தரம் எல்லாத்தையும் உட்டுட்டு வந்தனாங்க. இன்னொரு தரம் எழும்பிப் போறதுக்கு என்ட காலுல பலமில்ல, சேர்."

கடைசி வாக்கியம் என்னை நோக்கியது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது பல்லாயிரவர் வந்திறங்கிய மாவட்டம் இது. அச்செய்தியைப் பத்திரிகையில் எழுதிய தலைமுறை நான். முசலிப் பக்கத்திலிருந்து வந்த இந்த மனிதர் ஓலைக் கொட்டிலில் தொடங்கி, இரவல் நிலத்தில் கூலிக்கு நின்று, கடைசியில் சொந்தமாக்கிய அரை ஏக்கர் அது.

அவர் கிணற்றைச் சொன்னதிலும் பொருளிருக்கிறது. இக்குடாநாட்டில் ஆறில்லை, பெருங்குளமில்லை. மழைநீர் மணலில் இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. நன்னீர் பாரத்தில் குறைந்தது என்பதால், கடல்மட்டத்துக்கு மேலே அது ஓரடி நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி நிற்கும் என்பது கணக்கு. மேடு தாழ்ந்தால் அந்த நீரின் தலையும் தாழும். ஏற்கெனவே உரமிட்ட தோட்டங்களால் இங்கே நைத்திரேற்றுச் சிக்கலுள்ள கிணறுகள் உண்டு. பெரியவர்களின் தோட்டங்களும் குற்றமற்றவை அல்ல என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 2004 ஆழிப்பேரலையில் இக்கரை பெருமளவு தப்பியது. ஆனால் தென்கிழக்கே யாலவில், கடற்காட்சிக்காக மணல்மேட்டை வெட்டிய ஒரு விடுதி அடியோடு அழிந்ததையும் நாம் பார்த்தோம்.

மருமகனின் முகம் வாடியது. சேமிப்பு முழுவதும் அந்த வண்டியில் நின்றது. "கடற்கரை அரசாங்கத்தின்ரைதானே, மாமா" என்றான். 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி உயர்நீர் மட்டத்திலிருந்து 300 மீற்றர் வரை கரையோர வலயம் என்பதையும், அங்கே மண் வெட்டவோ கட்டவோ அனுமதி வேண்டும் என்பதையும் சொன்னேன். சட்டத்தைவிட அவனை நகர்த்தியது பெரியவரின் கால் பற்றிய பேச்சுத்தான் என்று நினைக்கிறேன்.

அன்று பிற்பகல் முழுவதும் வண்டியைப் பாதி திருப்பிக் கழற்றினான். துடுப்பு டயர்கள் இறங்கின. பழைய டயர்கள் ஏறின. 14 பல்லுச் சக்கரம் திரும்பி வந்தது, ஏனெனில் ஈர மணல் இறுகியது, அதில் சில்லுக்குத் தனித் தெம்பு தேவையில்லை. ஓடும் பாதை அலை நனைத்துப்போகும் பட்டை. கரைவலை இழுக்கும் நேரமும் இரவும் விலக்கு. இலங்கைக் கரைகளில் முட்டையிடும் கடலாமைகள் ஐந்து இனம்; இரவு அவற்றுக்குரியது. துடுப்பு டயர்களுக்கு, தோட்டங்களுக்கு அப்பால் புல்லே முளைக்காத ஒரு மணற்காணியை அதன் உரிமையாளர் நாள்வாடகைக்குத் தர இசைந்தார். மூன்று மேடுகள்தான். சுற்றுலாப் பயணிக்கு அது போதுமா என்பது வரும் பருவத்தில் தெரியும். இன்னும் மூன்று வண்டிகள் என்ற கணக்கை அவன் இப்போது பேசுவதில்லை.

முதல் ஓட்டம் முடிந்து வந்தபோது வண்டி முழுவதும் உப்பு. கடல்நீர் ரேடியேட்டரின் அலுமினியத் தகடுகளையும் மின்னிணைப்புகளையும் பெயாரிங்குகளையும் தின்றுவிடும். அன்றே நன்னீரால் கழுவியாக வேண்டும். பெரியவரின் கிணற்றடியில் போய்க் கேட்டோம்.

"பத்து வாளி எடுங்க. அதுக்கு மேல வேணாம், பின்னேரம் வெங்காயத்துக்கு எறைக்கணும்" என்றார்.

மருமகன் ரேடியேட்டரிலிருந்து தொடங்கினான். வாளியை எண்ணியது பெரியவரின் பேத்தி.